தட்டில் துடிக்கும் இருதயம்

மருதம்பட்டைக்கும் மஞ்சளுக்கும் ஒரு புதிய பரீட்சை: காரைக்குடி முன்வருமா?

செட்டிநாட்டில் ஏதாவது ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போய், "இருதயத்துக்கு நல்லதாக ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டால் போதும். கடைக்காரர் அதிகம் யோசிக்க மாட்டார். மருதம்பட்டைப் பொடியை நிறுத்து, பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்துவிடுவார். மருதுபாண்டியரை மறவாத சிவகங்கைச் சீமையில் 'மருது' என்ற பெயரே ஒரு தெம்பு. மருத மரத்தின் பட்டை நெஞ்சுக்குப் பலம் என்று பாட்டி சொன்னாள். பாட்டிக்கு அவளுடைய பாட்டி சொன்னாள்.

அதே தெருவில் இருக்கும் டாக்டரிடம் அதே கேள்வியைக் கேட்டால், "பட்டையும் வேண்டாம், பொடியும் வேண்டாம், எழுதிக் கொடுத்த மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுங்கள்" என்பார். இருவரில் யார் சொல்வது சரி? இரு கட்சிக்காரர்களும் தத்தம் பக்கத்தில் பிடிவாதமாக நிற்கிறார்கள். நடுவில் அகப்பட்டுக்கொண்டவர் நோயாளி. அவர் ஒருவருக்கும் சொல்லாமல் இரண்டையும் விழுங்கி வைக்கிறார். எது குணம் கொடுத்தது, எது கெடுதல் செய்தது என்பது கடைசி வரை யாருக்கும் தெரிவதில்லை.

இந்தப் பழைய வழக்கை விசாரிக்க இப்போது ஒரு புதிய சாட்சி கிடைத்திருக்கிறது. ஆராய்ச்சிச் சாலையில், ஒரு சிறிய தட்டில், தானாகவே துடித்துக்கொண்டிருக்கும் மனித இருதய உயிரணுக் கூட்டமே அந்தச் சாட்சி. யாருடைய நெஞ்சையும் திறந்து எடுத்ததல்ல அது. மூல உயிரணுக்களிலிருந்து வளர்த்தெடுத்தது. இந்தச் சாட்சியைச் செட்டிநாட்டு மூலிகைகள் சந்தித்தே ஆக வேண்டும். அந்தச் சந்திப்பை நடத்துவதற்குக் காரைக்குடிக்கு எல்லாத் தகுதியும் இருக்கிறது. அது நடக்கும் வரை, மூலிகையின் பெயராலோ மூல உயிரணுவின் பெயராலோ இருதயம் புதிதாக முளைக்கும் என்று யார் சொன்னாலும் ஜனங்கள் நம்பக் கூடாது.

ஆறாத புண்

கையில் வெட்டுக் காயம் பட்டால் பத்து நாளில் தோல் கூடிவிடுகிறது. எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுச் சில வாரம் பொறுத்தால் ஒட்டிக்கொள்கிறது. கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் அது மறுபடி வளர்ந்துவிடுகிறது. இருதயத்துக்கு மட்டும் இந்த வரம் கிடைக்கவில்லை.

மாரடைப்பு என்பது இருதயத்துக்கே இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று அடைபட்டுப் போவது. அடைபட்ட இடத்துக்கு அப்பால் இருக்கும் தசை சில மணி நேரத்தில் செத்துவிடுகிறது. பெரிய மாரடைப்பில் நூறு கோடி உயிரணுக்கள் வரை அழிந்து போகலாம் என்று நிபுணர்கள் கணக்கிடுகிறார்கள். செத்த இடத்தில் புதுத் தசை வருவதில்லை, தழும்புதான் வருகிறது. தழும்பு ஓட்டையை அடைக்கும், ஆனால் துடிக்காது. மிச்சமிருக்கும் தசை இரட்டிப்பு வேலை செய்து, நாளடைவில் களைத்து, இருதயம் வீங்கித் தளர்ந்து விடுகிறது. படி ஏற முடியாமல் மூச்சு வாங்குவதும், கால் வீங்குவதும் அதன் பிறகு வருபவை.

இருதயத் தசை புதுப்பிக்கவே படுவதில்லையா என்ற கேள்விக்கு விடை கிடைத்த விதம் மிகவும் விசித்திரமானது. 1950-களிலும் 1960-களின் ஆரம்பத்திலும் வல்லரசுகள் ஆகாயத்தில் அணுகுண்டுகளை வெடித்துப் பரீட்சை செய்தன. அதனால் காற்றில் கதிரியக்கக் கரி ஏராளமாகக் கலந்தது. 1963-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு அது படிப்படியாகக் குறைந்து வந்தது. அந்தக் கரி பயிர்களில் ஏறி, ஆகாரத்தின் வழியாக மனித உடம்பிலும் புகுந்தது. ஓர் உயிரணு எந்த ஆண்டில் பிறந்ததோ அந்த ஆண்டுக்குரிய அளவு கரி அதன் கருவில் பதிந்திருக்கும். பிறந்த தேதியைப் பச்சை குத்தி வைத்த மாதிரி!

ஸ்வீடன் தேசத்து கரோலின்ஸ்கா நிலையத்து ஆராய்ச்சியாளர்கள் இந்த அடையாளத்தை வைத்து மனித இருதய உயிரணுக்களின் வயதைக் கணக்கிட்டு 2009-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். இருபத்தைந்து வயதில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று வீதம் இருதயத் தசை உயிரணுக்கள் புதிதாகின்றன. எழுபத்தைந்து வயதில் அது அரை சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. ஒரு மனிதன் ஆயுள் முழுவதும் வாழ்ந்தாலும் பிறந்தபோது இருந்த இருதய உயிரணுக்களில் பாதிக்கு மேல் அவனுடனேயே போகின்றன. இயற்கை அடியோடு கைவிட்டுவிடவில்லை. ஆனால் கொடுப்பதைப் படியால் அளக்காமல் சிட்டிகையால் அளக்கிறது. மாரடைப்பு நஷ்டத்தை ஈடு செய்ய அந்தச் சிட்டிகை போதாது.

பின்னோக்கி ஓடிய கடிகாரம்

இயற்கை செய்யாததைச் சோதனைச் சாலையில் செய்ய முடியுமா? கருவின் ஆரம்ப நாட்களில் இருக்கும் உயிரணுக்கள் எதுவாகவும் மாறக் கூடியவை. அவற்றிலிருந்துதான் எலும்பும் நரம்பும் இருதயமும் பிரிந்து வளர்கின்றன. இவற்றைத்தான் மூல உயிரணு என்கிறார்கள். 'ஸ்டெம் செல்' என்றால் இன்று பலருக்கும் புரியும். ஒரு தடவை தோலாகவோ எலும்பாகவோ ஆகிவிட்டால் உயிரணு திரும்பிப் போவதில்லை என்பதே வெகு காலம் வரை பாடம்.

அந்தப் பாடத்தை முதலில் அசைத்தவர் இங்கிலாந்தின் ஜான் கர்டன். 1962-ஆம் ஆண்டில், தவளையின் குடலிலிருந்து எடுத்த உயிரணுக் கருவை முட்டைக்குள் வைத்து, அதிலிருந்து தலைப்பிரட்டைகளை வளர்த்துக் காட்டினார். அதை முழுவதுமாகப் புரட்டிப் போட்டவர் ஜப்பானின் ஷின்யா யமனாகா. வளர்ந்த உயிரணுவுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தினால் அது மறுபடி மூல உயிரணு நிலைக்குத் திரும்பிவிடுகிறது என்று 2006-ல் எலியிலும், 2007-ல் மனிதத் தோலிலும் அவர் நிரூபித்தார். 2012-ஆம் ஆண்டு நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

தோலிலிருந்து மூல உயிரணு. மூல உயிரணுவிலிருந்து இருதயம். இந்த இரண்டாவது பாதிக்கும் வழி பிறந்தது. எந்த நாளில் எந்த ரசாயனக் கட்டளையைக் கொடுத்தால் உயிரணு இருதயத்தின் பக்கம் திரும்பும் என்பதைக் கருவின் வளர்ச்சியிலிருந்தே கற்றுக்கொண்டார்கள். 2012-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார், இரண்டே இரண்டு சிறு ரசாயனங்களை ஒன்றன் பின் ஒன்றாகக் கொடுத்து இந்தக் காரியத்தைச் சாதித்தார்கள். முதல் ரசாயனம் ஒரு கதவைத் திறக்கிறது. சில நாள் கழித்து இரண்டாவது அதே கதவைச் சாத்துகிறது. கதவு திறக்கும் நாளும் மூடும் நாளும் பிசகாமல் இருந்தால், பத்து நாள் சுமாருக்குத் தட்டில் இருப்பவை துடிக்கத் தொடங்குகின்றன. யாரும் மின்சாரம் கொடுப்பதில்லை. யாரும் தட்டி எழுப்புவதில்லை. பூதக்கண்ணாடியில் பார்க்கிறவர்களுக்கு மெய்சிலிர்க்கிறது.

ஆஸ்பத்திரியிலும் முதல் அடிகள் எடுத்து வைக்கப்பட்டுவிட்டன. 2020 ஜனவரியில் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தார், இப்படி வளர்த்த இருதயத் தசையை மெல்லிய ஏடு போலச் செய்து, தளர்ந்த இருதயத்தின் மேல் ஒட்டியதாக அறிவித்தார்கள். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர ஆராய்ச்சியாளர்கள் குரங்குகளிடத்திலும், 46 வயதுப் பெண்மணி ஒருவரிடத்திலும் இத்தகைய தசை ஒட்டுகளைப் பரீட்சித்து 2025 ஜனவரியில் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பெண்மணிக்குப் பிறகு மாற்று இருதயம் பொருத்தியபோது, எடுத்த பழைய இருதயத்தில் ஒட்டுத் தசை உயிரோடு இருந்தது தெரிந்தது. இவை ஆரம்ப அடிகள். கடைத் தெருவுக்கு வந்துவிட்ட வைத்தியம் அல்ல.

சமையலறையும் சோதனைச் சாலையும்

இதில் செடி கொடிகளுக்கு என்ன வேலை? உண்மையாகவே வேலை இருக்கிறது. ஆனால் அது ஜனங்கள் நினைக்கிற வேலை அல்ல.

2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் 880 மருந்துகளை வரிசையாக வைத்து, எலியின் மூல உயிரணுக்களை இருதயமாக மாற்றத் தூண்டுவது எது என்று தேடினார்கள். தேறி வந்தது வைட்டமின் 'சி'. நெல்லிக்காயில் இருக்கிறதே, அதேதான். ஹங்கேரியின் ஸெண்ட் கியோர்கி அந்த வைட்டமினை ஏராளமாகப் பிரித்தெடுத்தது மிளகாய் வகை ஒன்றிலிருந்து. அவருக்கு 1937-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று பல ஆராய்ச்சிச் சாலைகளில் இருதய உயிரணு வளர்க்கும் சத்து நீரில் இது சேர்க்கப்படுகிறது.

அவுரிச் செடியைத் தமிழ்நாட்டு விவசாயிகள் அறிவார்கள். நீலச் சாயம் தரும் செடி. அந்த நீலத்தோடு கூடவே சிறிதளவு செந்நிறப் பொருள் ஒன்றும் உண்டாகிறது. இண்டிரூபின் என்று பெயர். அதன் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு ரசாயனம், மேலே சொன்ன முதல் கதவைத் திறக்கும் சாவிகளில் ஒன்று என்று 2003, 2004-ஆம் ஆண்டுகளில் கண்டுபிடித்தார்கள்.

சின்ன வெங்காயம் இல்லாமல் செட்டிநாட்டுச் சமையல் உண்டா? வெங்காயத்தில் நிறைய உள்ள க்வெர்செட்டின் என்ற பொருளுக்கு வேறொரு உபயோகம் தெரிய வந்தது. மூல உயிரணுவை இருதயமாக மாற்றும்போது சில உயிரணுக்கள் மாறாமல் நின்றுவிடும். அவை உடம்புக்குள் போனால் கட்டியாக வளரக் கூடும். அந்தக் கட்டிக்குள் பல்லும் மயிரும்கூட முளைப்பது உண்டு. 2013-ல் கொரிய ஆராய்ச்சியாளர்கள், க்வெர்செட்டின் இந்த மாறாத உயிரணுக்களைத் தேர்ந்து கொல்கிறது, மாறியவற்றை விட்டுவிடுகிறது என்று காட்டினார்கள். களை எடுக்கும் மருந்து!

2017-ல் அதே களை எடுக்கும் வேலையை டிகாக்ஸின் செய்வதாக வேறொரு கூட்டத்தார் தெரிவித்தார்கள். டிகாக்ஸினும் செடியிலிருந்து வந்ததே. 1785-ஆம் ஆண்டில் இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் விதரிங், நீர்க்கோவைக்குக் கிராமத்தார் கொடுத்து வந்த ஒரு பூச்செடியை ஆராய்ந்து புத்தகம் எழுதினார். டிஜிட்டாலிஸ் என்ற அந்தச் செடி வம்சத்திலிருந்து கிடைத்த டிகாக்ஸின் இன்றும் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. நம் வேலியோரத்து அரளியில் இருப்பதும் இதே இனத்து நஞ்சு. அளவு சிறிது மிஞ்சினால் துடிப்பைத் தாறுமாறாக்கி ஆளையே கொன்றுவிடும். அரளி சுவாமிக்கு மாலையாக இருக்கட்டும்; மனிதன் வாய்க்குள் போகவே கூடாது.

இத்தனை உதாரணங்களிலும் ஒரே ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. பிரித்தெடுத்துத் தூய்மையாக்கிய ஒரு பொருள், அளந்த அளவில், குறித்த நாளில், தட்டில் இருக்கும் உயிரணு மேல் நேராகப் படுகிறது. சாப்பாட்டு இலையில் விழும் வெங்காயத்துக்கும் இதற்கும் வெகு தூரம். நெல்லிக்காய் தின்றால் உடம்புக்கு நல்லது. தழும்பான இருதயத்தில் புதுத் தசை முளைக்காது. வெங்காயம் நறுக்கினால் கண்ணீர் வரும், இருதயம் வராது.

மஞ்சள் சொல்லும் பாடம்

இந்தத் தூரத்தை மறைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது. மஞ்சளின் கதையைப் பார்த்தால் விளங்கும்.

மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள், உயிரணுவுக்குள் மரபணுக்களைத் தட்டி எழுப்பும் ஒரு நொதியை அடக்குகிறது என்று 2004-ல் பெங்களூர் ஜவஹர்லால் நேரு உயர் விஞ்ஞான ஆராய்ச்சி மையத்தார் கண்டார்கள். அந்த நொதியை அடக்கினால் எலிகளின் இருதயம் தளர்ந்து போவதைத் தடுக்கலாம் என்று 2008-ல் ஜப்பானியர் காட்டினார்கள். இரண்டும் நல்ல ஆராய்ச்சிகள். ஆனால் மனிதன் விழுங்கும் குர்குமினில் மிகச் சொற்பமே இரத்தத்தில் சேர்கிறது. மிளகிலுள்ள பைபரினைச் சேர்த்துக் கொடுத்தால் அது இருபது மடங்கு உயர்கிறது என்று பெங்களூர் செயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியார் 1998-ல் வெளியிட்டார்கள். உடனே மஞ்சளும் மிளகும் சேர்த்த மாத்திரைகள் உலகமெங்கும் விற்பனைக்கு வந்துவிட்டன. 2017-ல் ரசாயன நிபுணர்கள் அதுவரை நடந்த பரீட்சைகளையெல்லாம் புரட்டிப் பார்த்து, முறையாக நடத்திய மனிதப் பரீட்சை எதிலும் குர்குமின் திட்டமான வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். இதற்கிடையில் அப்படிப்பட்ட மாத்திரைகளால் கல்லீரல் கெட்ட கேஸ்களும் மருத்துவ ஏடுகளில் ஏறின. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் இருதய நோயாளி, மஞ்சள் சத்து மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் இரத்தக் கசிவு நேரலாம் என்று எச்சரிக்கிறார்கள்.

சாம்பாரில் போடும் மஞ்சளுக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது, சாம்பார் மஞ்சளின் நல்ல பெயரைக் கடன் வாங்கிக்கொண்டு வரும் மாத்திரைக்கு.

மருதம்பட்டை என்ன ஆயிற்று? அதற்கும் பரீட்சை நடந்திருக்கிறது. 1995-ல் பன்னிரண்டு நோயாளிகளை வைத்துச் செய்த பரீட்சையில் நல்ல பலன் தெரிந்ததாக எழுதினார்கள். பிறகு டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் மேலும் கண்டிப்பாக ஒரு பரீட்சை நடத்தி 2016-ல் வெளியிட்டார்கள். யாருக்குப் பட்டைச் சத்து, யாருக்கு வெறும் மாத்திரை என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இருதயம் இரத்தத்தை வெளியேற்றும் சக்தி பட்டையினால் கூடவில்லை என்பதே அதன் முக்கிய முடிவு. இதனால் மருத மரத்துக்கு அவமானம் ஒன்றும் இல்லை. ஒரு வடிவத்தில், ஒரு அளவில், மூன்று மாதத்தில் பலன் தெரியவில்லை என்பதுதான் பொருள். அதற்கு மேல் சொல்ல வேண்டுமானால் மேலும் சோதிக்க வேண்டும்.

"எங்கள் மூலிகைக்கு ஆயிர வருஷ அனுபவம் இருக்கிறது, இவர்கள் யார் சோதிக்க?" என்று கேட்பவர்கள் டிகாக்ஸினின் சரித்திரத்தைப் படிக்க வேண்டும். விதரிங் எழுதி இருநூறு ஆண்டுக்கு மேல் ஆன பிறகும், மேல்நாட்டார் அதைச் சும்மா விடவில்லை. 6,800 நோயாளிகளை வைத்து அதன் உண்மைப் பலனைக் கணக்கெடுத்து 1997-ல் வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கும் தடவை குறைகிறது, ஆயுள் கூடவில்லை என்று தெரிந்தது. அந்த மருந்து அதனால் செத்துவிடவில்லை. எங்கே உதவும், எங்கே உதவாது என்பது தெரிந்து, பழையபடி நின்று நிலைத்திருக்கிறது. சோதனை மூலிகைக்கு எதிரி அல்ல. வைத்தியத்தில் அதற்கு ஒரு நிலையான இடம் வாங்கித் தருவதே சோதனைதான்.

நம்பிக்கை விற்பனைக்கு அல்ல

மூலிகைக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயம் ஆகாது. மூல உயிரணு என்ற பெயரிலும் பெரிய அநியாயம் நடந்திருக்கிறது.

2001-ஆம் ஆண்டில் பியரோ அன்வெர்சா என்ற ஆராய்ச்சியாளரின் கூட்டத்தார், எலும்பு மஜ்ஜை உயிரணுக்களைச் செலுத்தினால் எலியின் செத்த இருதயத் தசை திரும்ப வளர்கிறது என்று எழுதினார்கள். உலகமே வியந்தது. 2004-ல் மற்ற ஆராய்ச்சிச் சாலைகள் செய்து பார்த்தபோது அது நடக்கவில்லை. ஆனாலும் அதற்குள் பல நாடுகளில் நோயாளிகளுக்கு ஊசி போடத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் 2018-ல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியும் அதைச் சேர்ந்த ஆஸ்பத்திரியும், அவருடைய சோதனைச் சாலையிலிருந்து வந்த 31 கட்டுரைகளை வாபஸ் வாங்க வேண்டும் என்று பத்திரிகைகளுக்கு எழுதின. பதினேழு வருஷ நம்பிக்கை பாழானது.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மூல உயிரணு ஆராய்ச்சி நெறிமுறைகள் தெளிவாகவே சொல்கின்றன. இரத்த நோய்கள் முதலிய சிலவற்றுக்கு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை ஒப்புக்கொள்ளப்பட்டது. மற்ற நோய்களுக்கு மூல உயிரணு கொடுப்பதென்றால் அனுமதி பெற்ற பரீட்சையாகத்தான் இருக்க வேண்டும். பரீட்சையில் சேரும் நோயாளியிடம் அதற்குப் பணம் கேட்கக் கூடாது. ஆகவே, இருதயத்துக்கு மூல உயிரணு ஊசி என்று சொல்லி லட்சக் கணக்கில் ரூபாய் கேட்டால், கேட்கிறவரின் சுவரில் எத்தனை பட்டங்கள் தொங்கினாலும் எழுந்து வந்துவிடுவதே புத்திசாலித்தனம். தகப்பனார் மூச்சு வாங்குவதைப் பார்க்கச் சகிக்காத பிள்ளை, நகையை விற்றாவது, வீட்டை அடகு வைத்தாவது கொடுக்கத்தான் நினைப்பான். அந்தப் பாசத்தை மூலதனமாக வைத்து நடத்தும் தொழிலைவிட இழிவானது வேறு கிடையாது.

காரைக்குடியின் பங்கு

அப்படியானால் தட்டில் துடிக்கும் இருதயத்தால் இன்றைக்கு ஒரு லாபமும் இல்லையா? உண்டு. அதுவே இந்த விஷயத்தில் மிக முக்கியமான பகுதி. உடம்புக்குள் வைக்கும் முன்பே அது சாட்சி சொல்லத் தொடங்கிவிட்டது.

ஒவ்வாமைக்குக் கொடுத்து வந்த டெர்ஃபெனடின் என்ற மாத்திரை, சிலருக்கு இருதயத் துடிப்பைக் குலைத்து உயிரையே வாங்கியது. 1990-களின் கடைசியில் அமெரிக்கக் கடைகளிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இத்தகைய ஆபத்தை முன்கூட்டியே அறிய 2013 முதல் உலக ஆராய்ச்சியாளர்கள் ஒரு கூட்டு முயற்சி செய்து வருகிறார்கள். மூல உயிரணுவில் வளர்த்த மனித இருதய உயிரணுக்களின் மேல் மருந்தை விட்டு, துடிப்பு தடுமாறுகிறதா என்று பார்ப்பதும் அதில் ஓர் அங்கம். இந்தியாவிலும் 2023-ல் புதிய மருந்து விதிகள் திருத்தப்பட்டு, பிராணிகளுக்குப் பதிலாக மனித உயிரணுக்களை வைத்துச் செய்யும் இம்மாதிரிச் சோதனைகளுக்கும் இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. விதி வந்துவிட்டது, வேலை நடக்க வேண்டும்.

காரைக்குடியில் மத்திய மின் ரசாயன ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-ல் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் சமயத்தில், டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பக்கத்திலேயே 1985-ல் ஏற்பட்ட அழகப்பா பல்கலைக்கழகம். அதன் உயிர்த்தொழில்நுட்பத் துறையில் செடிகளிலிருந்தும் கடற்பாசிகளிலிருந்தும் கிடைக்கும் பொருள்களைப் பிரித்து, கிருமிகள் மேலும் சிறு புழுக்கள் மேலும் சோதித்துப் பல ஆண்டுகளாக ஆராய்ச்சி நடக்கிறது.

இவ்விரண்டையும் ஏன் சேர்த்துச் சொல்ல வேண்டும்? இருதயத் துடிப்பே ஒரு மின் ரசாயன வேலை என்பதனால்தான். சோடியமும் பொட்டாசியமும் கால்சியமும் உயிரணுச் சவ்வின் இரு பக்கமும் ஏறி இறங்குவதால் உண்டாகும் மின் அலைதான் துடிப்பு. டிகாக்ஸினும் அரளி நஞ்சும் பிடித்து நிறுத்துவது, சோடியத்தை வெளியேற்றும் பம்பைத்தான். தட்டில் துடிக்கும் உயிரணுக்களுக்கு அடியில் நுண்ணிய மின்வாய்களைப் பதித்தால், ஒவ்வொரு துடிப்பும் கோடாகப் பதிவாகும். மின்வாய் செய்யத் தெரிந்தவர்கள் ஒரு பக்கம். மூலிகைச் சத்தைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் மறு பக்கம். நடுவில் வேண்டியது துடிக்கும் உயிரணு ஒன்றே. மூல உயிரணுக் கலையில் தேர்ந்தவர்கள் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி வளாகத்து மூல உயிரணு ஆராய்ச்சி மையத்தில் இருக்கிறார்கள். இரத்தம் உறையாத நோய்க்கு மூல உயிரணு வழியாக மரபணுச் சிகிச்சை செய்து 2024 டிசம்பரில் முடிவை வெளியிட்டவர்கள் அவர்கள். சித்த வைத்திய நூல்களை அறிந்தவர்கள் தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இருக்கிறார்கள். நால்வரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் போதும்.

அந்த மேஜையில் முதல் ஆண்டு வேலை என்னவாக இருக்க வேண்டும்? புது இருதயம் செய்வது அல்ல. கடைகளில் இருதயத்துக்கென்று விற்கும் பட்டை, பொடி, கஷாயம், லேகியம் ஒவ்வொன்றையும் வாங்கி வந்து, துடிக்கும் தட்டின் மேல் விட்டுப் பார்ப்பது. எது துடிப்பைக் குலைக்கிறது, எது இங்கிலீஷ் மாத்திரையோடு சேர்ந்தால் கெடுதல் செய்கிறது என்று பட்டியல் போட்டு, தமிழில் அச்சிட்டு, ஊர் ஊராகக் கொடுப்பது. கெடுதல் செய்யாதவற்றிலிருந்து நல்லது செய்யக் கூடியதைத் தேடுவது இரண்டாவது வேலை.

ஆட்சேபங்கள் எழும். தட்டில் வளரும் உயிரணு முதிர்ச்சி இல்லாதது. வளர்ந்த மனிதனுடைய இருதயத்தைவிட வயிற்றுப் பிள்ளையின் இருதயத்தையே அதிகம் ஒத்திருக்கிறது. அது உண்மை. வாயில் போட்ட மருந்து குடலையும் கல்லீரலையும் தாண்டித்தான் நெஞ்சுக்குப் போகிறது. தட்டுக்குக் குடலும் கிடையாது, கல்லீரலும் கிடையாது. அதுவும் உண்மை. பல சரக்குகள் சேர்ந்த சித்த மருந்தை ஒற்றைப் பொருளாகப் பிரித்துப் பார்ப்பது முறையல்ல என்று வைத்தியர்கள் சொல்வார்கள். மருந்தை முழுசாகவே விட்டுப் பார்க்கலாம். தட்டு கடைசித் தீர்ப்புச் சொல்லாது. ஆனால் நோயாளியின் நெஞ்சிலேயே முதல் சோதனையைச் செய்வதைவிடத் தட்டில் செய்வது எவ்வளவோ மேல். இப்போது நடப்பது அந்த முதல் சோதனைதானே? பொட்டலத்தை வாங்கிப் போகும் ஒவ்வொருவரும், தாமே அறியாமல், தம் இருதயத்தையே தட்டாக நீட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொரு கவலைக்கும் இடம் உண்டு. சோதித்து நல்லதென்று தெரிந்தால் வெளிநாட்டுக் கம்பெனி கொண்டுபோய்விடாதா? புண்ணுக்கு மஞ்சள் தடவுவதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள். இந்தியாவின் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் குழு பழைய நூல்களை ஆதாரம் காட்டி வழக்காடி, 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. எழுதி வைத்ததுதான் அன்றைக்குக் காப்பாற்றியது. 2002-ஆம் ஆண்டு உயிரினப் பன்மைச் சட்டமும், அதன்படி சென்னையில் ஏற்பட்ட தேசிய ஆணையமும் இருக்கின்றன. நம்முடைய ஆராய்ச்சிச் சாலையில் முதலில் சோதித்துப் பதிவு செய்வதே நம்முடைய பொருளுக்குப் பலமான பூட்டு.

செட்டிநாட்டார் கடல் கடந்து வியாபாரம் செய்தவர்கள். சரக்கை முகர்ந்து, கடித்து, நிறுத்துப் பார்க்காமல் மூட்டை கட்டியவர்கள் அல்லர். பேரேட்டில் ஒரு காசு இடித்தாலும் தூங்காத பரம்பரை அது. பர்மாத் தேக்குக்கும் இரங்கூன் கணக்குக்கும் காட்டிய அந்தக் கண்டிப்பை, உயிர் காக்கும் சரக்கு என்று சொல்லப்படும் மருதம்பட்டைக்குக் காட்டாமல் இருப்பது நியாயமா?

மாரடைப்பு வந்தவர் இன்றைக்குச் செய்ய வேண்டியது எளிது. நெஞ்சு வலித்தால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். செத்த தசை திரும்பாது என்பதால் ஒவ்வொரு நிமிஷமும் தசைதான். டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. கஷாயமோ பொடியோ சாப்பிட்டால் அதை டாக்டரிடம் ஒளிக்கக் கூடாது. டாக்டரும் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆராய்ச்சிச் சாலைகளும் சர்க்காரும் செய்ய வேண்டியது வேறு. சோதிக்காத மருந்தைப் பாட்டி கொடுத்தால் அது அன்பு. கடைக்காரர் கொடுத்தால் அது வியாபாரம். சோதிக்க வசதியுள்ள தேசம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் அது அலட்சியம். முதல் இரண்டையும் மன்னிக்கலாம். மூன்றாவதை மன்னிப்பதற்கில்லை.